சின்ன வண்டியும் எங்கள் அம்மாவும்

‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்பது நம் முன்னோர் மொழி. இதற்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் தோழியர் ஒவ்வொருவரும் ஒன்றைக் கூறுவர். நான் கூறுவது எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டரை. அதன் எடை 99 கிலோ. நீளம் 1920 மில்லிமீட்டர், அதாவது இரண்டு மீட்டருக்கும் குறைவு. வளைந்த உடலும் ஆங்காங்கே வெள்ளிப் பூச்சுமாக, தாத்தா காலத்துப் புகைப்படத்திலிருந்து இறங்கி வந்தது போல் இருக்கும். ஆனால் உள்ளே இருப்பவை யாவும் இக்காலத்துப் பொறிகள். யமஹா நிறுவனத்தாரின் ஃபசினோ என்னும் வண்டி அது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் எங்கள் வீட்டிற்கு வந்தது.

“ஸ்கூட்டரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? விலையும் நிறமும் தெரிந்தால் போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். வண்டி விற்கும் கடைகளில் வழவழப்பான தாள் ஒன்றைத் தருவார்கள். முன்பக்கம் படம் இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் எண்கள் இருக்கும். பெரும்பாலோர் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்து விடுவர். நானும் அம்மாவும் ஒரு மாத காலம் அந்தப் பின்பக்கத்தைத்தான் படித்தோம். அந்த எண்கள் வண்டியை மட்டும் அளப்பவை அல்ல, அதை ஓட்டப் போகிறவரின் காலையும் கையையும் பொழுதையும் சேர்த்து அளப்பவை என்று அப்போது தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே கூற விரும்புகிறேன்.

முதலில் இந்தப் பழைய சாயல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி நாட்டின் பொந்தெதேரா நகரிலிருந்த பியாஜ்ஜியோ விமானத் தொழிற்சாலை குண்டு வீச்சில் அழிந்தது. போர் முடிந்தபின் விமானம் செய்ய வழியில்லை. மக்களுக்கோ வேலைக்குப் போய் வர மலிவான வாகனம் வேண்டியிருந்தது. உரிமையாளர் என்ரிக்கோ பியாஜ்ஜியோ, கொர்ராதினோ தஸ்கானியோ என்ற பொறியாளரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். அவர் ஹெலிகாப்டர் வடிவமைத்தவர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்குப் பிடிக்காது! அதில் ஏறக் காலைத் தூக்கிப் போட வேண்டும், சங்கிலியின் எண்ணெய் ஆடையில் படும், டயர் பஞ்சரானால் கழற்றுவது பெரும்பாடு. இக்குறைகள் ஒவ்வொன்றிற்கும் அவர் ஒரு விடை கண்டார். காலைத் தூக்காமல் ஏற நடுவே திறந்த தளம் வைத்தார். சேறு தெறிக்காதிருக்க முன்னால் அகலமான தகடு வைத்தார். எஞ்சினைப் பின் சக்கரத்தருகே வைத்து மூடியதால் சங்கிலிக்கு வேலையே இல்லாது போயிற்று. முன் சக்கரத்தை விமானச் சக்கரம் போல ஒரே பக்கத்தில் தாங்கச் செய்தார்; கழற்றுவது எளிதாயிற்று. 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அவ்வண்டிக்குக் காப்புரிமை கோரப்பட்டது. பெயர் வெஸ்பா. இத்தாலிய மொழியில் ‘குளவி’ என்று பொருள். 98 சி.சி. எஞ்சினும் மூன்று குதிரைத்திறனுக்குச் சற்று மேற்பட்ட வலுவும்தான் அதற்கு இருந்தன.

அழகுக்காக வைத்ததென்று நாம் நினைக்கும் வளைவுகள் யாவும் இவ்வாறு யாரோ ஒருவருடைய இடைஞ்சலைத் தீர்க்கவே பிறந்தவை. பாவாடை அணிந்த பெண்ணும் ஏற வேண்டும், வெள்ளை உடை உடுத்தியவரும் அழுக்குப் படாமல் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்துச் செய்த வண்டி அது.

நம் நாட்டில் 1960களில் பஜாஜ் நிறுவனத்தார் பியாஜ்ஜியோவிடம் உரிமம் பெற்று வெஸ்பாவைச் செய்தனர். உரிமம் முடிந்தபின் 1972இல் ‘சேத்தக்’ என்று தம் சொந்தப் பெயரில் வெளியிட்டனர். மகாராணா பிரதாப்பின் குதிரைக்கு இருந்த பெயர் அது. அக்காலத்தில் பணம் கட்டிப் பதிவு செய்தாலும் உடனே வண்டி கிடைத்து விடாது; ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்கள் தாத்தா 1976இல் பதிவு செய்து 1983இல் வண்டி பெற்றாராம். “உங்க அப்பன் பொறக்கதுக்கு முன்னாடி எழுதிப் போட்டது, அவன் பள்ளிக்கூடத்துல சேர்ந்த பிறகு வந்துச்சு” என்று ஆச்சி இன்றும் சொல்லிச் சிரிப்பார். அந்த வண்டிக்குப் பெட்ரோலுடன் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். கியரைக் கைப்பிடியைத் திருகி மாற்ற வேண்டும். குளிர்ந்த காலையில் கிளப்புவதற்கு முன் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து நிமிர்த்த வேண்டும். தாத்தா வண்டியைச் சாய்த்ததும், “கும்பிடு போட்டாச்சா?” என்று தெருவில் கேலி செய்வார்களாம். ஆச்சி அதன் பின்னால் ஒருபக்கமாக அமர்ந்து பல ஆண்டுகள் சென்றிருக்கிறார். ஆனால் ஒரு நாளும் கைப்பிடியைத் தொட்டதில்லை. அக்காலத்தில் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் தொட்டதில்லையாம்.

அந்நிலையை மாற்றியது கியர் இல்லாத வண்டி. 1984இல் கைனெடிக் ஹோண்டா வந்தது. பொத்தானை அழுத்தினால் கிளம்பும். கியர் மாற்ற வேண்டியதில்லை. 1990களில் ஓசூர் டி.வி.எஸ். நிறுவனத்தாரின் ஸ்கூட்டி வந்தது. 2001இல் ஹோண்டா ஆக்டிவா வந்தது. இன்று நம் பள்ளி வாசலில் காலை வேளையில் நின்று பார்த்தால், பிள்ளைகளை இறக்கிவிட்டுச் செல்லும் தாய்மாரை எண்ணி முடியாது. ஆச்சியின் தலைமுறைக்கும் அம்மாவின் தலைமுறைக்கும் இடையில் இத்தனை வண்டிகள் ஓடியிருக்கின்றன.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நாங்கள் இருப்பது பாளையங்கோட்டை. அம்மா ஆற்றுக்கு அப்பால் திருநெல்வேலி டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராகப் பணி புரிகிறார். ஒரு வாரம் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை. மறுவாரம் 2 மணி முதல் இரவு 9 மணி வரை. அப்பாவுக்கு வெளியூரில் வேலை, ஞாயிறுதோறும் வருவார். வீட்டில் ஆச்சி, நான், இரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி. மருத்துவமனை ஏழு கிலோமீட்டர்தான். ஆயினும் நிறுத்தத்திற்கு நடந்து, பேருந்துக்குக் காத்து, இறங்கி மறுபடி நடந்து போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். இரவு 9 மணி வேலை என்றால் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வரும்போது வழக்கமான பேருந்து போயிருக்கும். அம்மா வீடு வந்து சேர 10.15 ஆகும். அந்த வாரம் முழுதும் தம்பி அம்மாவைத் தூக்கக் கண்ணோடுதான் பார்ப்பான். சில நாள் பார்க்கவே மாட்டான்.

ஸ்கூட்டர் வாங்கலாம் என்று அம்மா பேச்செடுத்தவுடன் ஆச்சி எதிர்த்தார். அவர் வாதத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் தமிழகத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை.

“ஏளா, சும்மா போற பஸ்ஸை விட்டுப்போட்டு மாசாமாசம் தவணை கட்டப் போறியா?” என்றார் ஆச்சி.

அம்மா சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “காசுக் கணக்கு நீங்க சொன்னதுதான் சரி அத்தை. ஆனா போற நேரத்தை எனக்கு யாரு திருப்பித் தருவா?” என்றார். அதற்குமேல் அன்று இருவரும் பேசவில்லை.

மறு ஞாயிறு சித்தப்பாவை அழைத்துக்கொண்டு நாங்கள் கடைக்குச் சென்றோம். முதல் கடையில் விற்பனையாளர் எஞ்சினைப் பற்றிய செய்திகளை எல்லாம் சித்தப்பாவிடமே கூறினார். அம்மாவின் பக்கம் திரும்பி, “மேடத்துக்கு எந்தக் கலர் பிடிக்கும்?” என்று மட்டும் கேட்டார். அம்மா, “கலர் இருக்கட்டும் தம்பி. எடை எவ்வளவு? என் கால் தரையில எட்டுமா?” என்று கேட்டதும் அவர் தாளைப் புரட்டலானார். அங்கே நின்ற வண்டி இரும்புத் தகட்டால் ஆன உடல் கொண்டது. 110 கிலோவுக்கு மேல். கண்ணைப் பறிக்கும் அழகு! நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அம்மாவோ அதன் நடு ஸ்டாண்டைப் போட முயன்றார். வண்டி அசைந்து கொடுக்கவில்லை. “இரவு பத்து மணிக்கு இதை நானேதான் நிறுத்தணும்” என்று கூறிவிட்டு வெளியே வந்து விட்டார்.

மூன்றாவது கடையில்தான் எங்கள் வண்டியைக் கண்டோம். இனி அத்தாளின் பின்பக்கத்தை உங்களுக்கும் படித்துக் காட்டுகிறேன்.

எடை 99 கிலோ. உடலின் பெரும்பகுதி பிளாஸ்டிக் ஆதலால் இக்குறைந்த எடை. இரும்பு உடல் இடித்தால் நெளியும், தட்டி எடுக்கலாம். பிளாஸ்டிக் நெளியாது, பலமாக இடித்தால் உடைந்து விடும். ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டும். நடு ஸ்டாண்டு போடக் கைவலிமை தேவையில்லை என்பதையும் அங்கேதான் கற்றோம். ஸ்டாண்டின் காலை இரு கால்களும் தரையில் படும்படி வைத்து, அதன் மேல் நம் உடல் எடை முழுவதையும் ஊன்றினால் வண்டி தானே பின்னேறி நிற்கும். நெம்புகோல் தத்துவம்தான். அம்மா இரண்டாம் முயற்சியில் போட்டுவிட்டார்.

இருக்கை உயரம் 780 மில்லிமீட்டர். அம்மாவின் உயரம் ஐந்தடி ஓரங்குலம். வேலைக்குப் போடும் செருப்பையே அணிந்து வந்திருந்தார். ஏறி அமர்ந்தபோது இரு பாதங்களின் முன்பகுதியும் தரையில் ஊன்றின. அம்மா முகத்தில் அப்போதுதான் சிரிப்பைக் கண்டேன். ஓடும் வண்டியில் காலுக்கு வேலை இல்லை. நிற்கும் வண்டியில்தான் கால் வேண்டும். நகரத்தில் ஓட்டுவதைவிட நிற்பதல்லவா அதிகம்!

எஞ்சின் 125 சி.சி. இந்த எண் எவ்வாறு வருகிறது தெரியுமா? சிலிண்டரின் விட்டம் 52.4 மில்லிமீட்டர்; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 57.9 மில்லிமீட்டர். நம் கணக்குப் புத்தகத்தில் அளவியல் பாடத்தில் வரும் உருளையின் கன அளவுதான் இது. ஆரம் 2.62 சென்டிமீட்டர், அதன் வர்க்கத்தை ‘பை’யாலும் 5.79ஆலும் பெருக்கிப் பாருங்கள். விடை ஏறத்தாழ 125 கன சென்டிமீட்டர் வரும். நான் பெருக்கிப் பார்த்து வியந்தேன். சிறு தம்ளர் காபி கொள்ளும் இடத்தில் எரியும் வாயுதான் அம்மாவையும் என்னையும் தம்பியையும் ஈரடுக்குப் பாலத்தின் ஏற்றத்தில் ஏற்றி விடுகிறது.

வலு 8.2 குதிரைத்திறன். திருப்புத்திறன் 10.3 நியூட்டன் மீட்டர். நிற்கும் இடத்திலிருந்து புறப்படும்போது சில நொடிகள் ஒரு மின் மோட்டாரும் சேர்ந்து தள்ளும். பாரம் ஏற்றிய வண்டி கிளம்பும்போது ஒருவர் பின்னாலிருந்து கை கொடுப்பது போன்ற உதவி இது. கிளப்பும் வேலையையும் அதே மோட்டார் பார்ப்பதால் ‘கர்ர்’ என்ற சத்தமே இல்லை. காலை 6.30 மணிக்குத் தம்பியின் தூக்கம் கெடாமல் அம்மா புறப்பட முடிகிறது. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்து, கைப்பிடியைத் திருகினால் மீண்டும் உயிர் பெறும். முதல் நாள் வண்ணார்பேட்டை சிக்னலில் அது அணைந்தபோது அம்மா திடுக்கிட்டு இறங்கப் போய்விட்டாராம்.

கியர் இல்லை என்கிறோமே, உண்மையில் இல்லையா? இரண்டு கப்பிகளும் ஒரு பெல்ட்டும் உண்டு. எஞ்சின் வேகம் கூடக் கூட முன் கப்பிக்குள் இருக்கும் சிறு உருளைகள் வெளிப்புறமாக விலகிக் கப்பியின் தட்டுகளை நெருக்கும். இடையிலுள்ள பெல்ட் மேலே ஏறும். அதனால் முன் கப்பி பெரிதானது போலாகி வண்டி விரையும். தாத்தா கையால் திருகி மாற்றியதை இங்கே அந்த உருளைகள் ஓசையின்றி மாற்றுகின்றன.

பிரேக்கைப் பற்றியும் கூற வேண்டும். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையுள்ள வண்டிகளில் இரு சக்கர பிரேக்குகளும் இணைந்து இயங்கும் அமைப்பாவது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பாவது இருக்க வேண்டும் என்பது அரசு விதி. எங்கள் வண்டியில் இடக்கைப் பிடியை அழுத்தினால் இரு சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். பயந்த நேரத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தி மணலில் சறுக்கி விழுவோர் பலர். அவர்களுக்காகச் செய்த ஏற்பாடு இது. முன் சக்கரம் 12 அங்குலம், பின் சக்கரம் 10 அங்குலம். சிறு சக்கரம் கொண்ட எந்த ஸ்கூட்டரும் குழியில் சற்று அதிகமாகவே இறங்கும். எனவே மழைநீர் தேங்கிய இடத்தில் அம்மா ஊர்ந்தே செல்வார்.

பக்க ஸ்டாண்டை எடுக்காவிட்டால் எஞ்சின் கிளம்பாது. முன்பெல்லாம் யாரேனும் ஸ்டாண்டோடு கிளம்பினால் தெருவே “ஸ்டாண்டு! ஸ்டாண்டு!” என்று கூவும். அந்தத் தொண்டைத் தண்ணீர் இப்போது மிச்சம். ஆனால் வேறொன்று குறையவில்லை. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வந்த இருசக்கர வண்டிகளில் முன்விளக்கு பகலிலும் எரிய வேண்டும் என்பது விதி. எதிரே வருவோர் எளிதில் காண்பதற்காக. அதை அறியாத நல்லவர்கள் இன்றும் எதிரில் வந்து விரல்களை மடக்கி விரித்து, “லைட்டு எரியுது!” என்கிறார்கள். அம்மா தலையசைத்து நன்றி கூறிவிட்டுச் செல்வார்.

இருக்கையின் அடியில் 21 லிட்டர் இடம். அதில் அம்மாவின் சாப்பாட்டுப் பை, மழைக்கோட்டு, மாற்றுடை, திரும்பும் வழியில் வாங்கும் காய்கறி ஆகியவை அடங்கும். பெட்ரோல் டாங்கி 5.2 லிட்டர். நடுவே தட்டையான தளம் ஆதலால் சேலையோடும் ஏறலாம்.

வண்டி வந்து விட்டால் போதுமா? அம்மாவுக்கு வயது 43. சிறுமியாக இருந்தபோது சைக்கிள் ஓட்டியவர். திருமணத்திற்குப் பின் அதையும் விட்டு விட்டார். எல்.எல்.ஆர். வாங்கிய பின், பக்கத்து வீட்டுக் கல்லூரி அக்கா ஒரு காலி மனையில் அம்மாவுக்குப் பழக்கினார். மாணவிக்கு 43 வயது, ஆசிரியைக்கு 20! “ஆன்ட்டி, சக்கரத்தைப் பார்க்காதீங்க, போற இடத்தைப் பாருங்க” என்று அக்கா கூவுவது எங்கள் வீடு வரை கேட்கும். வேலை முடிந்து வந்து தினமும் முக்கால் மணி நேரம். பன்னிரண்டாம் நாள் அம்மா தெருவைத் தனியே சுற்றி வந்தார்.

பிறகு உரிமத்திற்காக ‘எட்டு’ போடும் நாள் வந்தது. அலுவலகத்தின் பின்னுள்ள திடலில் எட்டு என்னும் எண் வடிவத்தில் பாதை இருக்கும். கால் ஊன்றாமல் அதைச் சுற்ற வேண்டும். விரைந்தால் பாதை தவறும். மெதுவாகச் சென்றால் வண்டி சாயும். முதல் முறை அம்மா இரண்டாம் வளைவில் கால் ஊன்றி விட்டார். தோற்றவர் ஏழு நாள் கழித்தே மறுபடி வர வேண்டும். அன்று வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாலையில் ஆச்சியே கோலமாவை எடுத்துக்கொண்டு காலி மனைக்குச் சென்று, பெரிய எட்டு ஒன்றைத் தரையில் போட்டு விட்டு வந்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அம்மா தேர்ச்சி பெற்றார்.

இப்போது ஆச்சியின் கணக்கையும் அம்மாவின் கணக்கையும் பார்ப்போம். விலையும் வரியும் காப்பீடும் சேர்ந்து ஒரு லட்சத்தை ஒட்டி ஆயிற்று. சீட்டுப் பணம் போக மீதிக்கு மாதம் மூவாயிரம் ரூபாய் வீதம் 24 தவணைகள். நாளொன்றுக்கு 14 கிலோமீட்டர்; மாதம் 26 நாளுக்கு 364 கிலோமீட்டர். எங்கள் ஊர் நெரிசலில் லிட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கிடைக்கிறது. எனவே மாதம் ஏழு லிட்டருக்குச் சற்று மேல். 750 ரூபாய்க்குள் அடங்கும். பேருந்துக்கோ ஒரு காசும் இல்லை. ஆகவே பணக் கணக்கில் ஆச்சிக்கே வெற்றி!

அம்மாவின் கணக்கு வேறு. ஒரு மணி நேரப் பயணம் இருபது நிமிடமாயிற்று. ஒரு வழிக்கு 40 நிமிடம் மிச்சம். நாளைக்கு 80 நிமிடம். 26 நாளைக்கு 34 மணி நேரத்திற்கு மேல். ஒரு முழுப் பகலும் இரவும், அதற்கு மேல் பத்து மணி நேரமும் மாதந்தோறும் எங்கள் வீட்டிற்குத் திரும்பி வந்திருக்கின்றன. அதில் நான் கண்டதைக் கூறுகிறேன். முன்பு காலை வேலை நாட்களில் அம்மா நின்றுகொண்டே இரண்டு இட்லியை விழுங்கி விட்டு ஓடுவார். இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறார். இரவு 9.30க்கு வண்டியின் வெளிச்சம் சுவரில் விழும்போது தம்பி ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறான். எங்கள் தவணைச் சீட்டில் இவற்றிற்குக் கட்டம் இல்லை.

ஆச்சி தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வண்டி வந்த மூன்றாம் மாதம், “ஞாயித்துக்கெழமை காலையில வண்டி சும்மாத்தானே நிக்கும்?” என்று மெல்லக் கேட்டார். இப்போது ஞாயிறுதோறும் காலையில் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, தாத்தாவின் பின்னால் அமர்ந்த பழக்கத்தில் ஒருபக்கமாக உட்காரப் போவார். “ரெண்டு பக்கமும் கால் போடுங்க அத்தை, அதுதான் பத்திரம்” என்று அம்மா சொல்ல, முணுமுணுத்துக்கொண்டே சேலையைச் சரி செய்து ஏறுவார்.

தோழியரே, நம்மில் பலருக்கும் வண்டி ஓட்டும் ஆசை உண்டு. எனக்கும் உண்டு. ஆயினும் சட்டம் என்ன கூறுகிறது? 16 வயதில் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டுமே உரிமத்துடன் ஓட்டலாம். எங்கள் வண்டி போன்றவற்றுக்கு 18 வயது நிறைய வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, வயது நிறையாதவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். “தெருமுனை வரைதானே” என்று சாவி தரும் வீடுகளும் உள்ளன. எங்கள் வீட்டில் சாவி அம்மாவின் பையில். சனிக்கிழமைகளில் வண்டியைத் துடைப்பதும் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதும் மட்டும் என் பொறுப்பு. அதை நான் மகிழ்ச்சியுடன் செய்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாரேனும் வண்டி வாங்க நினைத்தால், தாளின் முன்பக்கத்தைப் பார்த்து மகிழுங்கள். பிறகு பின்பக்கத்தைத் திருப்புங்கள். ஓட்டப் போகிறவர் யார், அவர் உயரம் என்ன, அவரால் அதைத் தனியே நிறுத்த முடியுமா, எந்த நேரத்தில் எந்தச் சாலையில் திரும்பி வருவார் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே கேட்டுப் பாருங்கள். ஓட்டப் போகிறவர் உங்கள் அன்னையாக இருந்தால், கடைக்குச் செல்லும்போது அவரையே முன்னே நிறுத்துங்கள்; விற்பனையாளர் அவருக்கே விடை கூறட்டும். எனக்கு 18 வயது நிறைய இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் தவணையும் முடிந்து விடும். அன்று நான் எட்டுப் போடப் போகும் முன் தரையில் கோலமாவால் எட்டு வரைந்து தருவதாக ஆச்சி இப்போதே வாக்களித்திருக்கிறார்.